வைஃபையில் ஓடும் வாட்ஸ்அப், மொபைல் டேட்டாவில் மட்டும் “கனெக்டிங்” என்று நிற்கிறது

#1 கரிசல்காடு

ஆண்ட்ராய்டு 13, இரட்டை சிம். வைஃபையில் எந்தக் குறையும் இல்லை. வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு வந்தால் மேலே “கனெக்டிங்” என்று நிற்கிறது, அனுப்பியதெல்லாம் கடிகாரக் குறியோடு தொங்குகிறது. அதே டேட்டாவில் குரோம் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது. சிக்னல் முழுக்கோடு. போனை அணைத்துப் போட்டாச்சு, ஏரோபிளேன் மோட் போட்டு எடுத்தாச்சு, ஆப் அப்டேட் பண்ணியாச்சு, கேஷ் க்ளியர் பண்ணியாச்சு. போன வாரம் வரை சரியாகத்தான் இருந்தது. அடுத்து எங்கே கை வைப்பது?

#2 ஓசிவைஃபை

அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடுங்க ப்ரோ. வேலை முடிஞ்சது.

#3 பழுதுப்பெட்டி

தயவுசெய்து அதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குப் போனுக்குள் ஒரு பேக்கப் எழுதிக்கொள்ளும். கூகுள் கணக்குக்கு ஏறுவது தனி; அதைப் பலரும் “வைஃபையில் மட்டும்” என்றுதான் வைத்திருப்பார்கள். செட்டிங்ஸ் → சாட்ஸ் → சாட் பேக்கப் பக்கத்தில் கடைசியாக ஏறிய தேதியைப் பார்க்காமல் ஆப்பைத் தூக்கினால், அந்தத் தேதிக்குப் பிறகு வந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. “க்ளியர் ஸ்டோரேஜ்” என்பதும் அதே ஆபத்துதான். “க்ளியர் கேஷ்” மட்டும் ஆபத்தில்லாதது, ஆனால் இந்த மாதிரிக் கோளாறுக்கு அதனால் பலனும் இல்லை.

யோசித்துப் பாருங்கள்: வைஃபையில் ஆப் ஓடுகிறது. அப்படியானால் ஆப்பும் நலம், கணக்கும் நலம், சர்வரும் நலம். (2021 அக்டோபர் 4 அன்று உலகம் முழுக்க ஆறு மணி நேரம் போல வாட்ஸ்அப் படுத்ததே, அந்த மாதிரி சமயத்தில் வைஃபையிலும்தான் ஓடாது.) கெட்டிருப்பது பாதை. பாதையில் எந்த இடம் என்பதுதான் கேள்வி.

முதலில் குறிகளைப் படியுங்கள். கடிகாரம் என்றால் செய்தி உங்கள் போனிலிருந்து சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒற்றை டிக் என்றால் சர்வர் வாங்கிக்கொண்டது. இனி எதிர்ப்பக்கத்தவர் போன் பாடு. “எனக்கு மெசேஜ் போக மாட்டேங்குது” என்று வருகிறவர்களில் ஒற்றை டிக் கேஸும் கலந்து வரும், அதற்கு உங்கள் போனில் நோண்டிப் பயனில்லை. உங்களுடையது கடிகாரம். ஆக தேட வேண்டியது உங்கள் பக்கத்தில்தான்.

மூன்று சோதனை செய்துவிட்டு வந்து சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

அ) அதே டேட்டாவில் டெலிகிராம் அல்லது சிக்னல் ஓடுகிறதா?

ஆ) இந்தப் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து, வேறொரு போனின் வாட்ஸ்அப்பை அதில் ஓட்டுங்கள். இரண்டாவது போனின் சிம் டேட்டாவை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எது வழியாகப் போகிறது என்று தெரியாது.

இ) மேலே நோட்டிஃபிகேஷன் பட்டையில் சாவி மாதிரி ஒரு குறி இருக்கிறதா? அது விபிஎன், அதாவது போனின் நெட் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்.

இதில் ‘ஆ’தான் முக்கியம். இரண்டாவது போனில் ஓடிவிட்டால் சிம், ரீசார்ஜ், டவர், ஆபரேட்டர் எல்லாம் ஒரே அடியில் கழிந்துபோகும். கஸ்டமர் கேருக்கு அரை மணி நேரம் பாட்டு கேட்க வேண்டியதில்லை.

#4 திண்ணைப்பேச்சு

டிஎன்எஸ் 8.8.8.8 போட்டுப் பாருங்க. எல்லா நெட் பிரச்சினைக்கும் அதுதான் மருந்துன்னு எங்க போனாலும் சொல்றாங்க.

#5 நள்ளிரவுப்பொட்டலம்

எங்கே போனாலும் சொல்கிறார்கள், ஆனால் எங்கே போடுவது என்று யாரும் சொல்வதில்லை. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயருக்கு எண் முகவரி தேடித் தரும் சேவை; 8.8.8.8 கூகுள் நடத்தும் அப்படி ஒரு சர்வரின் எண். சிம் டேட்டாவுக்கு அப்படி எண் போடும் இடமே ஆண்ட்ராய்டில் கிடையாது. வைஃபைக்கு உண்டு, அதுவும் ஐபி செட்டிங்ஸை ஸ்டாட்டிக் என்று மாற்றினால். மொபைல் டேட்டாவைத் தொடுவது “பிரைவேட் டிஎன்எஸ்” ஒன்றுதான். ஆண்ட்ராய்டு 9 உடன் 2018 இல் வந்தது. அதில் 8.8.8.8 என்று எண்ணை அடித்தால் ஏற்காது, சர்வரின் பெயர் வேண்டும்.

அந்தப் பெட்டியில்தான் வம்பும் இருக்கிறது. “ஆட்டோமேட்டிக்” என்று இருந்தால் 853 ஆம் போர்ட் (சர்வரின் எண்ணிட்ட வாசல்) வழியாகப் பூட்டிய தொடர்பு கிடைக்குமா என்று பார்க்கும், கிடைக்காவிட்டால் சாதாரண டிஎன்எஸுக்கு இறங்கிவிடும். பெயர் அடித்து வைத்திருந்தால் இறங்கவே இறங்காது. விளம்பரம் வராமல் இருக்க எவரோ சொன்ன பெயரைப் போட்டு வைத்து மறந்துவிடுவார்கள். அந்த சர்வர் ஒரு நாள் எட்டாமல் போனால் பெயர் தேடல் மொத்தமும் நின்றுவிடும். அப்போது “பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை” என்று போனே ஒரு அறிவிப்பு காட்டும், அதையும் நாம் தள்ளிவிட்டிருப்போம்.

ஆனால் கரிசல்காடு கேஸில் எனக்கு அதன்மேல் சந்தேகம் குறைவு. குரோமும் யூடியூப்பும் ஓடுகின்றன, தவிர அந்த செட்டிங் வைஃபைக்கும் சேர்த்தே பொருந்தும். டேட்டாவில் மட்டும் நிற்கிறது என்றால் விபிஎன்னைத்தான் முதலில் பார்ப்பேன். பல விபிஎன் செயலிகளில் “நம்பகமான வைஃபையில் வேண்டாம், மொபைல் டேட்டாவில் தானாக இணை” என்று ஒரு விருப்பம் உண்டு. விளம்பரத் தடுப்பு, பிள்ளைகள் கட்டுப்பாடு, டேட்டா மிச்சம் பிடிப்பது என்று வரும் ஆப்களில் கணிசமானவை உள்ளுக்குள் ஒரு விபிஎன்தான். செட்டிங்ஸில் விபிஎன் என்று தேடி, பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொடுங்கள். “ஆல்வேஸ் ஆன்” , “பிளாக் கனெக்ஷன்ஸ் வித்தவுட் விபிஎன்” இரண்டும் அணைந்திருக்கிறதா பாருங்கள். இரண்டாவதும் ஆன் ஆக இருந்து, விபிஎன் சந்தா முடிந்திருந்தால் போன் முழுக்கப் படுத்துவிடும்.

ஹாட்ஸ்பாட் சோதனை பற்றி ஒரு சின்னக் குறிப்பு: ஹாட்ஸ்பாட்டில் ஒட்டியிருக்கும் போனுக்கு உங்கள் விபிஎன் வழி பொதுவாகக் கிடைக்காது, நேராக சிம் வழிதான் போகும். அதனால்தான் அந்தச் சோதனைக்கு இவ்வளவு மதிப்பு.

#6 கரிசல்காடு

செய்து பார்த்தேன்.
அ) டெலிகிராம் டேட்டாவில் நன்றாக ஓடுகிறது.
ஆ) ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு போனின் வாட்ஸ்அப் ஓடுகிறது, படம்கூடப் போனது.
இ) சாவிக் குறி இல்லை. விபிஎன் பட்டியல் காலி. பிரைவேட் டிஎன்எஸ் ஆட்டோமேட்டிக்.

#7 கோபுரநிழல்

#6 வருவதற்கு முன்பே அடித்துக்கொண்டிருந்தேன், இருந்தாலும் போடுகிறேன், வேறு யாருக்காவது ஆகும்.

“பிரவுசர் ஓடுது, மெசேஜ் ஆப் மட்டும் ஓடலை” என்றால் ஏபிஎன் (சிம் டேட்டா இணைப்புக்கான செட்டிங்) பக்கத்தில் பிராக்ஸி (இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் சர்வர்) பெட்டியை ஒரு முறை பார்க்க வேண்டும். பழைய வேப் (பட்டன் போன் இணையம்) காலத்து செட்டிங்கை எஸ்எம்எஸ்ஸில் வாங்கிப் போட்டவர்களுக்கும், இணையத்தில் “வேகம் கூட்டும் ஏபிஎன்” என்று பார்த்து அடித்தவர்களுக்கும் அங்கே ஒரு எண்ணும் 8080 மாதிரி ஒரு போர்ட்டும் இருக்கும். பிரவுசர் அந்த பிராக்ஸியை மதித்து அதன் வழியே போய் வந்துவிடும். வாட்ஸ்அப் தன் சர்வரோடு நேராக 443 அல்லது 5222 ஆம் போர்ட்டில் ஒரு தொடர்பைத் திறந்து வைத்துக்கொள்ளும் ஆப். பிராக்ஸி வழிதான் திறந்திருக்கிறது, நேர் வழி அடைத்திருக்கிறது என்றால் அங்கேயே நின்றுவிடும்.

சரியான ஏபிஎன்: ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெலுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, இடைவெளி கூடாது. பிராக்ஸி, போர்ட், யூசர்நேம், பாஸ்வேர்ட் பெட்டிகள் காலியாக இருக்கட்டும். ஏபிஎன் புரோட்டோகால் “ஐபிவி4/ஐபிவி6” என்று (இணைய முகவரியின் பழைய வகை, புது வகை) இரண்டும் சேர்ந்தது. வெறும் ஐபிவி4 என்று வைத்தால் சில நெட்வொர்க்கில் ஓடும், சிலதில் பாதி ஓடும். கையால் அடிக்கவே வேண்டாம் என்றால் ஏபிஎன் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் “ரீசெட் டு டிஃபால்ட்” இருக்கிறது, அதைத் தட்டி ஒரு முறை போனை அணைத்துப் போட்டால் போதும்.

 

#8 பழுதுப்பெட்டி

கோபுரநிழல் சொல்வது சரி, ஆனால் அதை டெலிகிராம் கழித்துவிட்டது. டெலிகிராமும் பிரவுசர் மாதிரிப் போகும் ஆப் இல்லை, நேராக சர்வரைப் பிடிப்பதுதான். அது ஓடினால் நேர் வழி திறந்திருக்கிறது.

இப்போது மிச்சம் ஒன்றுதான்: இந்தப் போனில், இந்த ஒரு ஆப்புக்கு மட்டும், மொபைல் டேட்டாவை யாரோ அல்லது எதுவோ மூடியிருக்கிறது. இந்தப் பூட்டு வாட்ஸ்அப்புக்குள் இருக்காது, போனின் செட்டிங்ஸில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும்.

ஷியோமி, ரெட்மி, போக்கோ: செட்டிங்ஸ் → ஆப்ஸ் → மேனேஜ் ஆப்ஸ் → வாட்ஸ்அப் → “ரெஸ்ட்ரிக்ட் டேட்டா யூசேஜ்”. தொட்டால் ஒரு சின்னப் பெட்டி வரும்: வைஃபை, சிம் 1 டேட்டா, சிம் 2 டேட்டா என்று தனித்தனி டிக். பெயர் “ரெஸ்ட்ரிக்ட்” என்று இருந்தாலும் டிக் இருந்தால் அனுமதி, டிக் இல்லாவிட்டால் தடை. தலைகீழாகப் புரிந்துகொண்டு எடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

ஒப்போ, ரியல்மி: ஆப் தகவல் பக்கத்தில் “டேட்டா யூசேஜ்” திறந்தால் மொபைல் டேட்டாவை முடக்கும் விசை ஆப்புக்கு ஆப் தனியாக இருக்கும்.

சாம்சங்: செட்டிங்ஸ் → கனெக்ஷன்ஸ் → டேட்டா யூசேஜ் → டேட்டா சேவர். ஆன் ஆக இருந்தால் அதற்கு உள்ளேயே விலக்குப் பட்டியல் இருக்கிறது, அதில் வாட்ஸ்அப்பைச் சேருங்கள். ஆப் தகவல் பக்கத்து “மொபைல் டேட்டா” வரியில் பேக்கிரவுண்ட் அனுமதி, டேட்டா சேவர் விலக்கு இரண்டும் ஆன் ஆக இருக்க வேண்டும்.

ஐபோன்: செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பகுதிக்குப் போய்க் கீழே உருட்டினால் ஆப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை. டேட்டா மிச்சம் பிடிக்கும் ஆசையில் ஒரு நாள் வரிசையாக அணைத்திருப்பார்கள்.

உங்களிடம் ஒரே கேள்வி: போன வாரம் டேட்டா சிம்மை ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினீர்களா?

#9 கரிசல்காடு

அண்ணே, மாற்றினேன். முதல் சிம் பேக் முடிந்ததால் இரண்டாவது சிம்மில் போட்டு டேட்டாவை அதற்கு மாற்றினேன். நீங்கள் சொன்ன பெட்டியைத் திறந்தால் வைஃபை டிக், சிம் 1 டிக், சிம் 2 காலி. டிக் போட்டு ஓகே கொடுத்தேன். வாட்ஸ்அப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணித் திறந்ததும் கடிகாரம் எல்லாம் வரிசையாக டிக் ஆகிவிட்டது. சிம் 2 ஐ யார் எடுத்தது என்றுதான் தெரியவில்லை.

#10 பழுதுப்பெட்டி

அந்தக் காலத்தில் சிம் 2 கால் பேச மட்டும் என்று வைத்திருந்திருப்பீர்கள். “டேட்டா வீணாகுது” என்று போனின் செக்யூரிட்டி ஆப் கேட்டபோது ஏதோ ஒரு திரையில் சரி என்று தட்டியிருக்கலாம். அதே பட்டியலில் ஜிமெயில், வங்கி ஆப், மேப்ஸ் எல்லாவற்றுக்கும் சிம் 2 டிக் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கில் ஜிபே சுற்றும்போதுதான் தெரியும்.

#11 ஓசிவைஃபை

அப்போ ரீஇன்ஸ்டால் பண்ணியிருந்தாலும் அந்த டிக் திரும்ப வந்திருக்குமே?

#12 பழுதுப்பெட்டி

வந்திருக்கலாம். ஒரு டிக்குக்காக மூன்று வருஷ சாட்டைப் பணயம் வைப்பானேன் என்பதுதான் என் சண்டை.

#13 மழைக்காலம்

இதே தலைப்பில் கேட்டுவிடுகிறேன். எனக்கு எழுத்துச் செய்தி டேட்டாவில் போகிறது, வருகிறது. படம், வீடியோ மட்டும் வட்டம் சுற்றி “ரீட்ரை” என்று நிற்கிறது. வைஃபையில் போகிறது. #8 இல் சொன்னதெல்லாம் திறந்தே இருக்கிறது.

#14 பழுதுப்பெட்டி

எழுத்து போகிறது என்றால் பூட்டு இல்லை. அளவு அல்லது வேகம்.

முதலில் கேட்பது: அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா? தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி பேக்குகளில் தீர்ந்ததும் நெட் நிற்காது, பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். சிக்னல் கோடு குறையாது, 4ஜி என்றுதான் காட்டும். அதனால் ஏமாறுகிறோம். கணக்குப் போடுங்கள்: 64 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 8 கேபி, அதுவும் ஏட்டுக் கணக்கில். ஒரு வரி மெசேஜ் சில நூறு பைட், கண் இமைக்கும் முன் போய்விடும். 200 கேபி படத்துக்கு 25 நொடி. எச்டி என்று தேர்ந்தெடுத்து அனுப்பும் 1 எம்பி படத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல். 10 எம்பி வீடியோவுக்கு இருபது நிமிடத்தைத் தாண்டும், அதற்குள் எங்காவது தொடர்பு ஒரு முறை அறுந்துவிடும். இது பழுதே இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு புதுக் கணக்கு தொடங்கியதும் தானாகச் சரியாகும். இரவு 8 மணிக்கு மேல் மட்டும் வரும் கோளாறு என்றால் 100 க்கு 99 முறையும் இதுதான்.

இது இல்லை என்றால் வாட்ஸ்அப்புக்குள் செட்டிங்ஸ் → ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா. வருகிற படம் மட்டும் தானாக இறங்கவில்லை என்றால் “மொபைல் டேட்டாவில்” என்ற வரியில் போட்டோஸ் டிக் இல்லை, அவ்வளவுதான். அதே பக்கத்தில் கீழே “பிராக்ஸி” என்று ஒன்று இருக்கும். 2023 ஜனவரியில் வந்த வசதி, ஆப்பைத் தடை செய்யும் நாடுகளில் சுற்றிப் போவதற்கு. யாரோ ஃபார்வர்டில் வந்த முகவரியை அங்கே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

#15 கோபுரநிழல்

கூடவே தேதியையும் ஒரு கண் பாருங்கள். பேட்டரி சுத்தமாக வடிந்து எழுந்த பழைய போனில் தேதி பின்னால் போய்விட்டால் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது. “ஆட்டோமேட்டிக் டேட் அண்ட் டைம்” ஆன்.

#16 யாழ்தென்றல்

வணக்கம், எனக்குக் கொஞ்சம் வேற மாதிரி. நான் வாட்ஸ்அப்புக்கு மட்டும் எண்டு இருக்கிற மாதப் பக்கேஜ்தான் போட்டிருக்கிறன். வேற டேட்டா மிச்சம் இல்லை. முந்தி வேலை செய்தது, இப்ப டேட்டாவில மெசேஜே போகுதில்லை. பக்கேஜ் முடியேல்லை எண்டு ஆப்பில காட்டுது.

#17 நள்ளிரவுப்பொட்டலம்

போனில் விபிஎன் ஓடுகிறதா?

ஆப் மட்டும் எனும் பக்கேஜில் ஆபரேட்டர் செய்வது இதுதான்: உங்கள் போக்குவரத்து எந்த சர்வருக்குப் போகிறது என்று பார்த்து, அது வாட்ஸ்அப்பின் சர்வர் என்றால் அந்தப் பொதியில் கழிப்பார், வேறு எது என்றாலும் பொது டேட்டாவில் கழிப்பார். விபிஎன் போட்டால் எல்லாமே விபிஎன் சர்வருக்குப் போகும் ஒரே பூட்டிய குழாய்தான். உள்ளே வாட்ஸ்அப் இருப்பது அவருக்குத் தெரியாது. பொது டேட்டா பூஜ்யம் என்பதால் குழாயே திறக்காது. 2019 ஏப்ரலில் இலங்கையில் சமூக ஊடகத்தை முடக்கியபோதும், 2022 ஏப்ரலில் மறுபடி முடக்கியபோதும் இறக்கி வைத்த விபிஎன் ஏதாவது “ஆல்வேஸ் ஆன்” என்று கிடக்கிறதா என்று தேடுங்கள்.

விபிஎன் இல்லை என்றால் அடுத்து பிரைவேட் டிஎன்எஸ். அதில் பெயர் அடித்திருந்தால் அந்த டிஎன்எஸ் சர்வருக்குப் போவதும் பொது டேட்டாதான். முகவரி கிடைக்காமல் ஆப் வழி தேட முடியாது. “ஆட்டோமேட்டிக்” ஆக்குங்கள், அல்லது ஆஃப்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: சாட்டில் வந்த லிங்கைத் தட்டினால் திறக்காது, அது வேறு தளம். கூகுளுக்குப் பேக்கப்பும் ஏறாது. அவை கோளாறு இல்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே வராது. ஆப்புக்கு ஒரு விலை வைத்து டேட்டா விற்பதை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 ஆம் தேதியே தடை செய்துவிட்டது. அப்போது இதற்காக எவ்வளவு இழுபறி நடந்தது என்பது பலருக்கு மறந்தே போயிருக்கும்.

#18 யாழ்தென்றல்

ஓம், விபிஎன் இல்லை, ஆனா பிரைவேட் டிஎன்எஸ்ஸில விளம்பரம் மறிக்கிற பெயர் ஒண்டு கிடந்தது. தம்பி போட்டு விட்டிருக்கிறான். ஆட்டோமேட்டிக் ஆக்கின உடனே எல்லாம் ஒண்டாய் வந்து விழுந்தது. நன்றி.

#19 ஷார்ஜாவெயில்

எனக்கு மெசேஜ், படம் எல்லாம் போகுது. வாட்ஸ்அப் கால் மட்டும் “கனெக்டிங்” ஆகி கட் ஆகுது. சிம்மை மாத்திப் பார்த்துட்டேன். என்ன செட்டிங்?

#20 கோபுரநிழல்

செட்டிங் இல்லை சார். அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்பு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறையால் தடுக்கப்பட்டது, சிம் எது ஆனாலும், வைஃபை ஆனாலும். போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற ஆப்களில்தான் கூப்பிட வேண்டும். விபிஎன் போட்டுச் சுற்றுவது அங்கே சட்டச் சிக்கல், அதை இங்கே யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

#21 திண்ணைப்பேச்சு

8.8.8.8 க்கு வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு, இது என் சொந்தக் கேள்வி. டேட்டாவில் இருக்கும்போது ஆப்பைத் திறந்தாதான் மெசேஜ் வருது. திறந்ததும் பத்து இருபது ஒரேயடியாக் கொட்டும். வைஃபையில் உடனுக்குடன் மணி அடிக்குது.

#22 பழுதுப்பெட்டி

இது மேலே பேசியதிலிருந்து வேறு. ஆப் மூடியிருக்கும்போது அது சர்வரோடு பேசுவதில்லை. கூகுளின் அறிவிப்புச் சேவை ஒரே ஒரு தொடர்பை 5228 ஆம் போர்ட்டில் திறந்து வைத்திருக்கும், எல்லா ஆப்பின் மணியும் அது வழியாகத்தான். ஐபோனில் ஆப்பிளின் சேவை, 5223.

சிம் டேட்டாவில் உங்களுக்கென்று தனி பொது ஐபிவி4 முகவரி பொதுவாகக் கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே முகவரியைப் பங்கிடுகிறார்கள். சும்மா கிடக்கும் தொடர்பை ஆபரேட்டரின் பெட்டி கொஞ்ச நேரத்தில் தன் ஏட்டிலிருந்து கிழித்துவிடும். போனுக்கு அது தெரியாது, வழி திறந்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அடுத்த துடிப்பு அனுப்பும்போதுதான் செத்தது தெரிந்து புதிதாக இணையும். அந்த இடைவெளியில் வந்தவைதான் மொத்தமாகக் கொட்டுகின்றன. ஏரோபிளேன் மோட் போட்டு எடுத்தால் கொஞ்ச நேரம் சரியாவதும் இதனால்தான், எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது.

ஆபரேட்டரின் பெட்டியை நீங்கள் தொட முடியாது. தொட முடிந்தவை: டேட்டா சேவரை அணையுங்கள். ஆப் தகவலில் பேட்டரியை “அன்ரெஸ்ட்ரிக்டட்” ஆக்குங்கள். பேக்கிரவுண்ட் டேட்டா ஆன். சாம்சங்கில் “டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்” பட்டியலில் இருந்தால் வெளியே எடுங்கள், ஷியோமியில் “ஆட்டோஸ்டார்ட்” ஆன். ரேம் சுத்தம் செய்கிறேன் என்று வரும் துடைப்ப ஆப் எதுவும் வேண்டாம். அது கொல்லும் முதல் ஆளே மெசேஜ் ஆப்தான். கூகுள் பிளே சர்வீசஸுக்கும் டேட்டா தடை இல்லாமல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டு இதை மூடி வைத்தால் மணி அடிக்காது.

#23 மழைக்காலம்

#14 க்கு: அன்றைய டேட்டா 1 ஜிபிக்கு மேல் மிச்சம், ஸ்பீட் டெஸ்ட் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பிராக்ஸி இல்லை. ஆனால் ஒன்று சொல்ல மறந்தேன், அலுவலக வேலைக்காக வயர்கார்ட் விபிஎன் ஓடுகிறது. ஸ்பீட் டெஸ்ட் அதை அணைத்து எடுத்தது. அணைத்தால் படம் போகிறது என்று இப்போது பார்க்கிறேன். ஆனால் வீட்டு வைஃபையில் விபிஎன் ஓடும்போதும் படம் போகிறதே?

#24 நள்ளிரவுப்பொட்டலம்

இதற்காகத்தான் காத்திருந்தேன். எம்டியூ.

ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவுதான் எம்டியூ. வீட்டு வைஃபையில் பெரும்பாலும் 1500 பைட் அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. மொபைல் நெட்வொர்க்கில் டவரிலிருந்து உள்ளே போகும்போது ஆபரேட்டர் தன் உறை ஒன்றைச் சுற்றுவார், அதற்கு இடம் விட வேண்டியதால் உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறையும், 1400 ஒட்டி இருப்பது சகஜம். வயர்கார்டும் தன் பங்குக்கு ஒரு உறை சுற்றும்: ஐபிவி4 வழியில் 60 பைட், ஐபிவி6 வழியில் 80. அதனால்தான் 1500 இலிருந்து 80 கழித்து 1420 என்று கணினிகளில் இயல்பாக வைக்கிறார்கள். உங்கள் அலுவலகம் அனுப்பிய கான்ஃபிக் கோப்பில் அந்த 1420 எழுதியிருக்கும், போன் அதையே எடுத்துக்கொள்ளும்.

இப்போது பாருங்கள். “சரி” என்று ஒரு மெசேஜ் 200, 300 பைட்; எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். படம் என்றால் ஒவ்வொரு பொட்டலமும் நிரம்பி 1420 ஆக வரும், உறையோடு 1480. வழி 1400 தான். இரண்டு துண்டாக உடைந்து போக வேண்டும், உடைந்த துண்டுகளை வழியில் உள்ள பெட்டிகள் பல நேரம் கொட்டிவிடும். “பெரிசாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு” என்று திரும்பச் சொல்ல வேண்டிய தகவலையும் எங்காவது தடுத்திருப்பார்கள். போன் அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்ப்பது வட்டம் சுற்றுவது.

அளந்து பார்க்க: விபிஎன்னை அணைத்து, விண்டோஸ் லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் ஒட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் 8.8.8.8 க்கு (திண்ணைப்பேச்சு, இதோ உங்கள் எண்ணுக்கு ஒரு வேலை) பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) கொடுங்கள், மைனஸ் எஃப் சேர்த்து, மைனஸ் எல் 1472 என்று. மைனஸ் எஃப் என்றால் உடைக்காதே, 1472 என்பது உள்ளடக்கம். அதோடு தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500. பதில் வராவிட்டால் 1452, 1432 என்று இருபது இருபதாக இறக்குங்கள். முதலில் பதில் வரும் எண்ணோடு 28 ஐக் கூட்டுங்கள், அதுதான் வழியின் அளவு. அதில் 80 ஐக் கழித்தால் விபிஎன்னுக்குப் போட வேண்டியது. கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் நேராக 1280 போடலாம். ஐபிவி6 ஓடும் எந்த வழியும் 1280 ஐத் தாங்கியே ஆக வேண்டும் என்பது விதி, அதற்குக் கீழே போகத் தேவை வருவது அபூர்வம்.

மாற்றும் இடம்: வயர்கார்ட் ஆப்பில் டனல் பெயரைத் தொட்டு, பென்சில் குறி, “எம்டியூ” பெட்டி. சேவ் பண்ணி டனலை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பழைய எண்ணிலேயே ஓடும்.

#25 மழைக்காலம்

1472, 1452, 1432, 1412, 1392 வரை ஒன்றும் வரவில்லை. 1372 இல் பதில் வந்தது. ஆக 1400. பெட்டியில் நீங்கள் சொன்ன அதே 1420 இருந்தது. 1280 ஆக்கி, அணைத்துப் போட்டேன். 4 எம்பி எச்டி படம் போய்விட்டது, விபிஎன் ஆன் நிலையிலேயே. 1320 உம் போட்டுப் பார்த்தேன், அதிலும் போகிறது. வெளியூர் போனால் வேறு டவர் என்ன அளவு கொடுக்குமோ என்று 1280 இலேயே விட்டுவிட்டேன்.

#26 நள்ளிரவுப்பொட்டலம்

நல்லது. அலுவலகத்தில் அந்தக் கோப்பை எழுதியவரிடமும் சொல்லிவிடுங்கள். உங்களோடு வேலை செய்பவர்களில் ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டும் எல்லாருக்கும் இப்போது பெரிய அட்டாச்மென்ட் மெயில் நின்றுகொண்டிருக்கும்.